ஊட்டி உணவகத்துக்கு வணிக எரிவாயு: மலிவான நிறுவனத்துக்கு மாறலாமா?

கேள்வி: ஊட்டியில் சில ஆண்டுகளாக ஒரு சைவ உணவகமும், அதன் மாடியில் ஒன்பது அறைகள் கொண்ட தங்கும் விடுதியும் நடத்திவருகிறேன். சமையலுக்கும் அறைகளுக்கான வெந்நீருக்கும் சேர்த்து மாதம் 16 வணிக சிலிண்டர்கள் ஆகின்றன. பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தின் ஏஜென்சியிலிருந்து 19 கிலோ சிலிண்டரை, வரியும் ஏற்றுக்கூலியும் சேர்த்து 1,900 ரூபாய்க்கு வாங்குகிறேன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் பிரதிநிதி 1,480 ரூபாய்க்கு சிலிண்டர் தருவதாகவும், மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டால் குழாய் இணைப்பு இலவசம் என்றும் சொல்கிறார். அவர் கொடுத்த விலைத்தாளை இணைத்திருக்கிறேன். மாதம் 6,700 ரூபாய் மிச்சமாகும் என்றால் மாறிவிடலாமா? டிசம்பர், ஜனவரி காலைகளில் சிலிண்டரில் கேஸ் இருந்தும் அடுப்பு சரியாக எரிவதில்லை. பக்கத்தில் சிலர் வீட்டு சிலிண்டரையே கடையில் பயன்படுத்துகிறார்கள்; அதைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், ஐயா.

பதில்: ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் அனுப்பிய விலைத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் இரண்டு விவரங்கள் இருக்கின்றன: சிலிண்டரின் நிகர எடை 17 கிலோ, ஜி.எஸ்.டி. தனி. வணிக எரிவாயுவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆகவே 1,480 ரூபாய் என்பது கடை வாசலுக்கு வந்து சேரும்போது 1,746 ரூபாய் 40 காசு ஆகிவிடுகிறது. அதை 17-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 102 ரூபாய் 70 காசு. நீங்கள் இப்போது கொடுக்கும் 1,900 ரூபாயில் வரி அடங்கியிருக்கிறது. அதை 19-ஆல் வகுத்தால் கிலோ சரியாக 100 ரூபாய். மாதம் 304 கிலோ எரிக்கும் உங்களுக்கு இந்த மாற்றத்தால் 6,700 ரூபாய் மிச்சமாகப் போவதில்லை. எண்ணூறு ரூபாய்க்குச் சற்று மேல் கூடுதலாகத்தான் செலவாகும். தனியார் நிறுவனங்கள் 12, 17, 21, 33 கிலோ என்று பல அளவுகளில் சிலிண்டர் தருவதால், சிலிண்டர் விலையை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. வரி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் சேர்த்து, கிலோ என்ன விலைக்கு வந்து இறங்குகிறது என்ற ஒரே கேள்வியை எல்லா நிறுவனங்களிடமும் கேளுங்கள்.

வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்று உங்கள் கணக்கர் சொல்லக்கூடும். 5 சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும் பொருளுக்குக் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் அதே நிலைதான்: வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, கூடவே உள்ளீட்டு வரவும் போய்விட்டது. எனவே எரிவாயுவுக்குக் கொடுக்கும் 18 சதவீதம் முழுவதும் உங்கள் செலவுதான். கேக், பிஸ்கட் விற்கும் பேக்கரிக்காரர்களின் நிலை வேறு. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் அவர்கள் இல்லாதவரை இந்த வரியை வரவு வைத்துக்கொள்ள வழியுண்டு என்பதால், அவர்களுடைய கணக்கை நீங்கள் பின்பற்ற முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வணிக சிலிண்டரின் விலையைப் பொதுத்துறை நிறுவனங்கள் மாதந்தோறும் முதல் தேதியில் மாற்றியமைக்கின்றன. சவூதி அராம்கோ நிறுவனம் புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் மாதாமாதம் அறிவிக்கும் ஒப்பந்த விலையும், டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பும் இதை நிர்ணயிக்கின்றன. சென்னையில் 19 கிலோ சிலிண்டர் 2022 மே மாதத்தில் 2,500 ரூபாயைத் தாண்டியது. 2025 செப்டம்பரில் 1,738 ரூபாயாக இருந்தது. தனியார் நிறுவனங்களும் இதே உலகச் சந்தையில்தான் வாங்குகின்றன. ஆகவே அந்தப் பிரதிநிதி சொன்ன 1,480 ரூபாய் என்பது இந்த மாதத்து விலை மட்டுமே; மூன்று ஆண்டு ஒப்பந்தம் உங்களைக் கட்டிப்போடுமே தவிர, விலையைக் கட்டிப்போடாது.

இனி நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் குளிர்காலப் பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் பணம் உண்மையில் கசிவது அங்கேதான் என்பது என் கருத்து. சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனுக்கோ ஏறத்தாழ பூஜ்யம் டிகிரி வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் காலையில் வெளியே வைத்திருக்கும் சிலிண்டர் அந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது. அதோடு, திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே இழந்து மேலும் குளிர்கிறது. இட்லிக் கொப்பரை, சாம்பார், டீ அடுப்பு என்று காலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் ஒரே சிலிண்டரில் ஏற்றும்போது, அதன் அடிப்பாகத்தில் திரவம் நிற்கும் மட்டம் வரை வெள்ளையாகப் பனி பூத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புரோப்பேன் முதலில் எரிந்து தீர்கிறது. பியூட்டேன் அடியில் தங்குகிறது. தீ சிறுத்ததும், கேஸ் தீர்ந்துவிட்டது என்று பையன் சிலிண்டரை மாற்றிவிடுகிறான். மீதிக் கேஸ் ஏஜென்சி வண்டியில் ஏறிப் போகிறது.

அது எவ்வளவு என்பதை அறிய ஒரு தொங்கு தராசு போதும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கைப்பிடியை ஒட்டி அதன் காலி எடை எழுதப்பட்டிருக்கும். திருப்பி அனுப்பும் முன் எடைபோட்டு, அந்த எண்ணைக் கழித்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். புது சிலிண்டர் இறங்கும்போதும் அதேபோல் எடைபோடச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஒரு பேச்சுக்கு, சிலிண்டருக்கு ஒன்றரைக் கிலோ மீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 24 கிலோ, அதாவது 2,400 ரூபாய் அப்படியே திரும்பிப் போகிறது. கிலோ 100 ரூபாய் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த எரிவாயு, எரிந்த கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு ஆகிவிடுகிறது. எந்த நிறுவனத்தின் பிரதிநிதி தரும் தள்ளுபடியைவிடவும் இது பெரிய தொகை.

இதைச் சரிசெய்ய, ஒன்றன்பின் ஒன்றாக சிலிண்டர் மாற்றுவதை விட்டு, இரண்டிரண்டாக நான்கு சிலிண்டர்களை மானிஃபோல்டு என்னும் பொதுக் குழாயில் இணைத்து, குளிர்மாதங்களில் ஒரே நேரத்தில் பலவற்றிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றும் தர வேண்டிய அளவு குறைவதால் அவ்வளவு குளிராது. அடியில் தங்குவதும் குறையும். காலையில் தீ சிறுத்த சிலிண்டரை உடனே அனுப்பிவிடாமல், வெயில் ஏறிய பிறகு டீ அடுப்பு போன்ற சிறிய அடுப்பில் மாட்டி மீதியை எரித்துவிடலாம். சிலிண்டர் நிற்கும் இடம் கிழக்கு வெயில் படுகிற, காற்றோட்டமுள்ள, தரைமட்டத்துக்குத் தாழாத இடமாக இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். சிலிண்டரின் மேல் கொதிநீர் ஊற்றுவதும், பக்கத்தில் கரிச்சட்டி வைத்துச் சூடுகாட்டுவதும் உயிரைப் பறிக்கும் செயல்கள். மலையில் இது நடப்பதை நான் அறிவேன். உங்கள் கடையில் யாரும் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரைதான் இருப்பு வைக்கலாம் என்பதால், நான்கு இணைப்பில், ஒன்று கையிருப்பில் என்று ஐந்து சிலிண்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே 95 கிலோ ஆகிவிடும். திரவமாகவே எடுத்து மின்சாரத்தால் ஆவியாக்கும் கருவி பெரிய ஓட்டல்களுக்குப் பொருந்தும். உங்கள் அளவுக்கு அந்த முதலீடு தேவையில்லை.

அடுப்பையும் ஒருமுறை பாருங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், சமவெளிக்காக ஜெட் (எரிவாயு வெளிவரும் சிறு துளை கொண்ட பாகம்) பொருத்திய பர்னர் இங்கே போதிய காற்றில்லாமல் மஞ்சளாக எரியும். பாத்திரத்தின் அடியில் தினமும் கரி பிடிக்கிறது என்றால், அது எரியாமல் போன எரிவாயு. ஜெட்டை மாற்றிக் காற்றுத் துளையைச் சரிசெய்ய, விவரம் தெரிந்த மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி விரைவில் திரும்பி வந்துவிடும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரமாகும். அவற்றைப் பெரிய பிரஷர் குக்கருக்கு மாற்றுவது அதைவிட எளிய சிக்கனம்.

அறைகளின் வெந்நீரைத் தனிக் கணக்காக எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 100 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 4,800 கிலோகலோரி வெப்பம் தேவை. எரிவாயு ஹீட்டரில், வீணாவதையும் சேர்த்தால், இதற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். ஏறக்குறைய 55 ரூபாய். சாதாரண மின்சார கீசரில் வணிக இணைப்பின் விலையை யூனிட் 10 ரூபாய் என்று கொண்டால் 58 ரூபாய் வரும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை யூனிட் வெப்பம் தந்தால்கூட, இதே வேலையை 23 ரூபாய்க்குள் முடித்துவிடும். குளிர் கூடக்கூட அதன் திறன் குறையும் என்பதால்தான் இரண்டரை என்று குறைத்தே போட்டிருக்கிறேன். நாளொன்றுக்கு 500 லிட்டர் வெந்நீர் செலவாகும் விடுதியில் மாதம் 4,800 ரூபாய் அளவுக்கு வித்தியாசம் வரும். நீங்கள் வாங்கும் பதினாறில் நான்கு சிலிண்டர்கள் இதிலேயே குறையும். கருவியின் விலையை இந்தத் தொகையால் வகுத்து, எத்தனை மாதத்தில் முதல் திரும்புகிறது என்று பாருங்கள். சீசன் இல்லாத மாதங்களில் அறைகள் காலியாக இருப்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் திரும்பினால் தயங்காமல் வாங்கலாம். வாங்குவதற்கு முன் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். சூரிய வெந்நீர் கருவியும் நல்லதுதான். ஆனால் தென்மேற்குப் பருவ மாதங்களின் மூடுபனியில் அதை மட்டும் நம்ப முடியாது.

வீட்டு சிலிண்டர் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கிலோவுக்கு விலை வெகுவாகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட எரிவாயு விநியோக ஆணைக்கு எதிரானது. சிலிண்டர் பறிமுதலாகும், வழக்கும் வரும். அதைவிட முக்கியமாக, தீ விபத்து ஏற்பட்டால், விதிமீறலைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் கிடைத்துவிடும். மேலே ஒன்பது அறைகளில் விருந்தினர்கள் தூங்கும் கட்டடத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

தனியார் நிறுவனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியார் நிறுவனங்களும் எரிவாயு விற்கலாம் என்ற இணை விற்பனை முறை 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சேவை தருகிற நிறுவனங்களும் உண்டு. அந்தப் பிரதிநிதியை மறுபடி அழைத்து, சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பொதுத்துறை நிறுவனத்தின் அந்தந்த மாத விலையைவிடக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் குறைவு என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வெறும் தொகை போதாது. மாதம் குறைந்தபட்சம் இத்தனை சிலிண்டர் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, ஆளில்லாத மாதங்களில் அது என்ன ஆகும் என்று பாருங்கள். இலவசக் குழாய் இணைப்பு நடுவில் விலகினால் யாருக்குச் சொந்தம், அதற்கு எவ்வளவு பிடித்தம், வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்பவையும் எழுத்தில் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து குன்னூர் மலைப்பாதை மூடப்படும்போது சரக்கு எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். 100 கிலோவுக்கு மேல் இருப்பு வைக்க முடியாத உங்களுக்கு, மலை மேலேயே கிடங்கு வைத்திருக்கும் விநியோகஸ்தர் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் தகும். இதே கேள்விகளை உங்கள் இப்போதைய ஏஜென்சியிடமும், மற்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்களின் விநியோகஸ்தர்களிடமும் கேட்டுப் பாருங்கள். மாதம் 300 கிலோ வாங்குபவருக்குத் தள்ளுபடி தர முடியுமா என்று வாய்விட்டுக் கேட்காதவரை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

வரி சேர்த்துக் கிலோ 97 ரூபாய்க்குக் கீழே யாராவது எழுத்தில் தந்தால், பழைய இணைப்பை ஒப்படைத்துவிடாமல், மூன்று மாதம் மட்டும் பாதித் தேவைக்கு அவர்களிடம் வாங்கிப் பாருங்கள். வால்வும் ரெகுலேட்டரும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறக்கூடும் என்பதால் அந்தச் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதத்தில் டிசம்பரோ ஜனவரியோ ஒன்று இருக்கட்டும். இரு தரப்பு சிலிண்டர்களின் மீதி எடையையும் நோட்டில் தனித்தனியே எழுதிய பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம்.