என்ஜிசி 1365 கேலக்ஸியின் நடுவே உள்ள பட்டை சுழலும்போது உடையாதா?

உடையாது, ஏனென்றால் அது திடப்பொருளே இல்லை. கேலக்ஸியின் நடுப்பகுதியில் கோடானுகோடி விண்மீன்கள் நீண்ட, ஒடுங்கிய பாதைகளில் சுற்றுகின்றன. அந்தப் பாதைகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருப்பதால் நமக்குப் பட்டையாகத் தெரிகிறது.

வாயுவின் கதை வேறு. விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது. வாயு மேகங்கள் மோதிக்கொள்ளும், வேகம் குறையும், மையத்தை நோக்கி வழியும். இந்தக் கேலக்ஸியின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பட்டை நெடுகக் கருப்பாக ஓடும் தூசிக் கோடுகள்தான் அந்த வழி. போய்ச் சேரும் வாயு மையத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் திரண்டு புது விண்மீன்களைப் பெற்றெடுக்கிறது. எனக்கு இந்தக் கேலக்ஸியில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம், உள்ளே ஒரு பெரிய கருந்துளையும் இருக்கிறது. அது அசுர வேகத்தில் சுழல்வதை நூஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலங்களின் எக்ஸ் கதிர் அளவீடுகள் 2013இல் காட்டின.

தூரம் சுமார் 5.6 கோடி ஒளியாண்டு. டிசம்பர் இரவுகளில் ஃபோர்னாக்ஸ் என்ற விண்மீன் குழுவின் பகுதியில் தேடுங்கள். 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் இருந்தால் பட்டை மங்கலாகத் தெரியும்.