காட்டெருமை படத்துக்கு நிற்பதில்லை

பள்ளி விடுமுறை வந்தால் மதுரையிலிருந்து கொடைக்கானல், மேகமலை, தேக்கடி என்று வண்டிகள் கிளம்பிவிடும். அந்த மலைகளில் வனவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. பதில்கள் இதோ.

திருநகர் வாசகி: கொடைக்கானலில் சாலையோரமே காட்டெருமை மேய்கிறது, ஆட்களைக் கண்டு ஓடுவதில்லை. பழகிய மாடுதானே ஐயா, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா?

அது பழகியிருப்பது தார்ச்சாலைக்கும் ஆரன் சத்தத்துக்கும்தான் அம்மா. வளர்ந்த காளை 1,000 கிலோ வரை இருக்கும். அலங்காநல்லூர் வாடிவாசலில் வரும் காளைக்கே நாம் வேலிக்குப் பின்னால் நிற்கிறோம். இங்கே வேலியும் கிடையாது.

மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். அடுத்து மூக்கால் சீறும். அதற்கும் நகராவிட்டால் பக்கவாட்டில் திரும்பி, தன் முழு உருவத்தையும் காட்டி நிற்கும். ‘எவ்வளவு பெரியவன் பார், போய்விடு’ என்று மிரட்டுகிறது. நம்மவர்களோ படத்துக்கு நிற்கிறது என்று நினைத்துக் குழந்தையை முன்னால் தள்ளுகிறார்கள்! இதைப் பார்த்துக் கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று. மூன்று பஸ்கள் வரிசையாக நிற்கும் அளவு இடைவெளி விடுங்கள். முக்கியமாக, அது போகும் வழியை மறிக்காதீர்கள். மதில் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம் என்று சிக்கிக்கொண்ட மாட்டுக்கு முட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது.

தல்லாகுளம் வாசகர்: அழகர்கோவிலில் என் பேரனின் கையைக் குரங்கு பிறாண்டிவிட்டது. லேசான கீறல்தான். மஞ்சள் வைத்தோம். போதுமா?

போதாது. இதைப் படித்ததும் கிளம்பி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். இனி யாருக்கு நேர்ந்தாலும் முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று எண்ண வேண்டாம். பூசைத் தட்டையும் பிஸ்கட் பொட்டலத்தையும் பைக்குள் வையுங்கள். புண்ணியம் என்று வாழைப்பழம் நீட்டுகிறவர்கள்தாம் அடுத்து வரும் குழந்தையின் கையைப் பிடுங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: யானை துரத்தினால் சரிவில் இறங்கி ஓடினால் தப்பிக்கலாமாமே?

யார் சொன்னது? சரிவில் யானை நன்றாகவே இறங்கும், சறுக்கி விழப்போவது நீங்கள்தான். துரத்தும் தூரத்துக்குப் போகாதீர்கள் தம்பி.

ஐயர்பங்களா வாசகி: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். அங்கே எப்படி?

அங்கே கணக்காகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பைசன் எருமைக்கு 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர். பைசன் மனிதனைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும்.

2023 மே மாதம் அங்கே ஆற்றைக் கடக்கும்போது கூட்டத்தைவிட்டுப் பிரிந்த பைசன் கன்றை ஒருவர் கரையேற்றிவிட்டார். இரக்கம்தான். ஆனால் கூட்டம் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. கன்று சாலையில் வண்டிகளையும் மனிதர்களையும் சுற்றிச்சுற்றி வந்தது. கடைசியில் பூங்காக்காரர்களே அதைக் கொல்ல நேர்ந்தது. நம் காடுகளிலும் புதருக்குள் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. தாய்தான் அதை அங்கே ஒளித்துவைத்துவிட்டு மேயப்போயிருக்கும்.

மேலூர் வாசகர்: அரிட்டாபட்டி மலையை ட்ரோனில் படமெடுக்க ஆசை. அங்கே யானையும் இல்லை, புலியும் இல்லையே?

வல்லூறுகள் இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அந்த ஊரை அறிவித்ததற்கு அவையும் ஒரு காரணம். கூட்டுக்கு மேல் ட்ரோன் இரைந்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடும், பாறைச்சூட்டில் முட்டை என்ன ஆகும்? அடிவாரத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள். காலை வெயில் ஏறும் நேரத்தில் நன்றாகத் தெரியும்.

வாடிப்பட்டி வாசகர்: கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் விலங்குக்குப் பக்கத்திலேயே கொண்டுபோவதாக ஜீப்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒரே வரியில் சொல்கிறது. மாட்டிக்கொண்டால் ஜீப்காரருடன் சேர்ந்து நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஐந்நூறுக்கு வீட்டுக்குப் பலாப்பழம் வாங்கிப்போங்கள்.