ஏற்காடு தங்கச்சிக்கு: 14-ஆம் நாள் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது

எட்டாவது வாரத்தில் கரு கலைந்தது, அப்புறம் மாதவிலக்கு 35 நாள், 50 நாள் என்று தள்ளிப்போகிறது, மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 14-ஆம் நாளைக் குறித்துவைத்து முயன்றும் கரு நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதை விடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போய்வந்ததால் கரு கலையாது. ஆரம்ப வாரங்களில் கலைவதற்குப் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறுதான் காரணம்.

சரி, கணக்குக்கு வருவோம். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 42 நாள் சுழற்சி என்றால் 28-ஆம் நாள் வாக்கில்தான். நீங்கள் அதற்குள் ஓய்ந்துபோயிருப்பீர்கள்! வெள்ளைப்படுவது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல, விரலில் இழுத்தால் நூலாக நீளும் நாட்களைக் கவனியுங்கள். அது பிடிபடாவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள், போதும். மெடிக்கலில் விற்கும் ஓவுலேஷன் கிட் (கருமுட்டை வெளிவரும் நாளைச் சிறுநீரில் பார்க்கும் பட்டை), பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் பொய் சொல்லக்கூடும்.

சேலத்துக்கு இறங்கும்போது தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்த்துவிடுங்கள். கருமுட்டை வளர்ச்சி ஸ்கேனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச்சொல்வார்கள். அந்த வாரம் மட்டும் கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம்.

இன்னொன்று: நாள் தள்ளிப்போனதும் மாதவிலக்கு வரவைக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், முதலில் கர்ப்பமா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.