அம்மாவை அழைத்துக்கொண்டு முறிந்த உறவுகளின் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா?

வாசகியின் கேள்வி: வியன்னாவில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு விவாகரத்து ஆனது. அம்மா திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். குரோஷியாவின் தலைநகர் ஜாக்ரெபில் இருக்கும் முறிந்த உறவுகளின் அருங்காட்சியகத்தைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. அது காதலர்களுக்கான இடம்தானா? அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, கூட்டிப் போகலாமா? என்னிடம் தாலியும், முன்னாள் கணவர் வாங்கித் தந்த இட்லி குக்கரும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை அங்கே கொடுக்க முடியுமா?

பதில்: போகலாம், கொடுக்கவும் முடியும். ஆனால் அம்மாவைக் கூட்டிப் போவதைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் யோசித்துவிடுங்கள்.

குரோஷியாவைச் சேர்ந்த ஒலிங்கா விஷ்டிட்சா, டிராஷென் குரூபிஷிச் என்ற இரண்டு கலைஞர்கள் நான்கு வருடம் காதலித்து 2003இல் பிரிந்தார்கள். வீட்டில் மிச்சமிருந்த பொருள்களை என்ன செய்வது என்ற பேச்சில் பிறந்த யோசனைதான் இது. நண்பர்களிடமும் அப்படிப்பட்ட பொருள்களைக் கேட்டு வாங்கி, 2006இல் ஜாக்ரெபில் முதல் கண்காட்சி வைத்தார்கள். அப்புறம் அது ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றியது. 2010இல் அதே நகரின் மேல்நகர்ப் பகுதியில் நிரந்தர இடம் கிடைத்தது. அடுத்த வருடமே ஐரோப்பாவின் புதுமையான அருங்காட்சியகத்துக்கான கென்னத் ஹட்சன் விருதும் வந்தது. அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த சாவி கொடுத்தால் ஓடும் முயல் பொம்மையும் இந்தத் தொகுப்பில் உண்டு. ஒருவர் மட்டும் வெளியூர் போகும்போது, துணைக்குப் பதிலாக அந்த முயல் கூடப் போகுமாம்.

உள்ளே பொருள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படிப் பார்த்தவர்கள்தான் "இதில் என்ன இருக்கிறது, பழைய சாமான்தானே" என்பார்கள். இந்த அருங்காட்சியகத்தின் உயிர் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தில்தான் இருக்கிறது. உறவு எத்தனை காலம் நீடித்தது, எந்த ஊர், என்ன நடந்தது என்பதைப் பொருளைக் கொடுத்தவரே எழுதியிருப்பார். பெயர் மட்டும் இருக்காது. பெர்லினிலிருந்து வந்த ஒரு கோடரி இருக்கிறது. விட்டுப் போன காதலி புதிய துணையோடு விடுமுறையில் இருந்த 14 நாளும், அவள் விட்டுச்சென்ற மரச்சாமான்களைத் தினம் ஒன்றாக வெட்டித் தள்ளியவர் கொடுத்தது. போரில் காலை இழந்த ஒருவரின் செயற்கைக் கால் இருக்கிறது. அந்தக் காலுக்கான பொருள்களை வாங்க உதவிய பெண்ணையே அவர் காதலித்தார். காதலை விட அந்தக் கால்தான் நீண்ட நாள் உழைத்தது என்று எழுதியிருக்கிறார். இதையெல்லாம் நின்று வாசிக்க ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இது காதலர்களுக்கு மட்டுமான இடம் இல்லை. பெற்றோரை இழந்தவர்கள், பிள்ளையைப் பிரிந்தவர்கள் கொடுத்தவையும் இந்தத் தொகுப்பில் உண்டு. உங்கள் அம்மாவை நினைத்து நான் தயங்குவதும் இதனால்தான். தற்கொலை செய்துகொண்ட தாய் எழுதி வைத்த கடிதம் தொகுப்பில் இருக்கிறது. படுக்கையறை சார்ந்த பொருள்களும், ஒளிவுமறைவில்லாத கதைகளும் உண்டு. சுவரில் இருக்கும் எழுத்து குரோஷிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், அம்மாவுக்கு நீங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் மனக்காயம் இன்னும் முழுதாக ஆறியிருக்காது. அந்த நிலையில் மற்றவர்களின் பிரிவை அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்வது இருவருக்குமே பெரிய பாரம். அதனால் முதலில் நீங்கள் மட்டும் தனியாகப் போய் வாருங்கள் என்பதே என் கருத்து. அழுகை வந்தால் தடுக்க வேண்டாம், அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் அம்மாவை அழைத்துப் போய், நீங்கள் ஏற்கெனவே பார்த்து வைத்த ஐந்தாறு கதைகளை மட்டும் சொல்லுங்கள். டிக்கெட் இரண்டு முறை எடுக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. இரண்டு நாள் இல்லையென்றால், அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள கதைகளை வீட்டிலேயே படித்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வியன்னாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஆறரை மணி நேரம் ஆகும். 2023 ஜனவரி முதல் குரோஷியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டதால், அம்மாவின் விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தாலும் சிக்கல் இல்லை. ஆனால் வழியில் ஸ்லோவேனிய எல்லையில் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். மேல்நகருக்கு ஏற 1890 முதல் ஓடும் ஒரு இழுவை ரயில் உண்டு. 66 மீட்டர் தூரம்தான், ஒரு நிமிடப் பயணம். பக்கத்திலேயே படிகள் இருக்கின்றன, ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அது வேண்டாம். ஏறி இறங்கும் இடத்தில் உள்ள லோத்ர்ஷ்சாக் கோபுரத்தில் தினமும் நண்பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். சொல்லி வைக்காவிட்டால் அம்மா பதறிப்போவார். நீங்கள் தனியாக உள்ளே இருக்கும் நேரத்தில் அம்மா எங்கே இருப்பது என்று யோசித்தால், கல்வாசல் என்ற பழைய கோட்டை வாசல் நடந்து போகும் தூரம்தான். 1731 தீ விபத்தில் தப்பிய மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, ஊர் மக்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். எந்த மதத்தவரும் உட்காரலாம். என் அம்மாவாக இருந்தால் அங்கேதான் இருக்கச் சொல்வேன்.

பொருள் விஷயத்துக்கு வருவோம். இட்லி குக்கரைக் கொடுங்கள், தாலியை வேண்டாம். அங்கே மனதைப் பிடித்து உலுக்குவது விலை உயர்ந்தவை இல்லை, தினம் கைபட்ட பொருள்கள்தான். வீட்டைக் காலி செய்தபோது, இனி அந்த ஆள் எதில் ரொட்டி வாட்டுவான் பார்க்கலாம் என்று டோஸ்டரைத் தூக்கிக்கொண்டு போனவரின் கதை அந்தத் தொகுப்பில் மிகவும் பேசப்படுவது. தாலி தங்கம். விவாகரத்தில் நகை பற்றிய பேச்சு இன்னும் மிச்சமிருந்தால், உங்கள் வக்கீலைக் கேட்காமல் அது உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது. ஐந்து வருடம் கழித்து அதை அழித்து வேறு நகை செய்துகொள்ள நீங்கள் நினைக்கலாம், அந்த வாய்ப்பையும் ஏன் இழக்க வேண்டும்?

குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு நேரே போய் நிற்காமல், முதலில் இணையதளம் வழியாகத் தொடர்புகொண்டு கேளுங்கள். கதை, ஊர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற விவரம் கேட்பார்கள். கதையில் முன்னாள் கணவரின் பெயர், அலுவலகம், அவரை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம். எழுதிய அன்றே அனுப்பாமல் ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி படியுங்கள். கோபத்தில் எழுதிய வரி இன்னும் உங்கள் வரியாகவே தோன்றினால் இருக்கட்டும், அதை மென்மையாக்க வேண்டியதில்லை. கொடுத்தபின் அது அவர்களுடையது. உடனே காட்சிக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், வேறு நாட்டுக் கண்காட்சிக்கும் போகலாம். திரும்பக் கேட்கத் தோன்றும் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் இந்த முறை பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள், குக்கரைப் பிறகு தபாலிலும் அனுப்பலாம்.