ஒரே கழுத்து, இரண்டு கணக்கு

கேள்வி: கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். கதிரியக்க அயடின்-131 கொஞ்சம் சிந்திவிட்டது. மறுநாள் கழுத்தில் எடுத்த அளவை இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினோம். உடல் வாங்கிய கதிர்வீச்சு (டோஸ்) ஒன்றில் 0.4, மற்றதில் 0.7 மில்லிசீவர்ட் என்கிறார்கள். எதை நம்புவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். உங்களைப் போன்ற ஊழியருக்கான வரம்பு, 5 வருடச் சராசரியாக, வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்.

கழுத்தில் வைக்கும் கருவி காட்டுவது பெக்கரல், அதாவது செக்கனுக்கு எத்தனை அணு சிதைகிறது என்பதைத்தான். உள்ளே போனதால் வரும் மில்லிசீவர்ட்டை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது, அது கணக்குப் போட்டு எடுப்பது. அந்தக் கணக்குக்கு முக்கியமாக வேண்டியது அயடின் உள்ளே போன நாள். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் அது ஏறக்குறைய ஒரு வாரத்தில் பாதியாகிவிடும். நேற்றுப் போனது என்றால் மில்லிசீவர்ட் தொகை குறைவு. போன வாரம் போனது என்றால், இன்று இருப்பது மிச்சம்தான், முதலில் இதைவிட அதிகம் இருந்திருக்கும் என்று தொகை ஏறும். நாள் தெரியாவிட்டால் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுநாளை எடுப்பது வழக்கம். 14 நாளுக்கு ஒருமுறை அளந்தால் அது அளந்ததற்கு 7 நாள் முன்பு. உங்கள் 0.7 அநேகமாக அப்படி வந்ததுதான்.

சிந்திய திகதியை எழுதிக் கொடுத்தீர்களா? அடையாள அட்டை இலக்கத்துக்கும் முத்திரைக்கும் இடம் வைக்கிற படிவங்களில் இதற்கு ஒரு வரி இருப்பதில்லை. எத்தனை தடவை சொல்லியாயிற்று!

ஒரு விதிவிலக்கு. அண்மையில் சாயம் ஏற்றி சீ.டி. ஸ்கான் எடுத்திருந்தாலோ, அயடின் மாத்திரை விழுங்கியிருந்தாலோ, தைரொயிட்டை அகற்றியிருந்தாலோ, உள்ளே போனதில் சுமார் 30 வீதம் தைரொயிட்டுக்குப் போகும் என்ற வழமையான கணிப்பு உங்களுக்குப் பொருந்தாது. சாயத்திலும் அயடின் உண்டு, அது இடத்தை முன்கூட்டியே நிரப்பிவிடும். அப்போது கழுத்து அளவு குறைவாக வரும், நிம்மதியும் பொய்யாகிவிடும். சிறுநீரையும் அளக்க வேண்டும். ஸ்கான் எடுத்ததைச் சொல்ல மறக்காதீர்கள்.

இன்னொன்று, சட்டையில் குத்தும் கதிர்வீச்சு பட்ஜ் வெளியிலிருந்து படுவதை மட்டும்தான் பதியும். பட்ஜில் ஒன்றுமில்லை என்று உங்களை யாரும் திருப்பி அனுப்ப விடாதீர்கள். "வெளிநாட்டு ஆய்வுகூடச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் தரகருக்கும் காசு கொடுக்காதீர்கள். அதே திகதிக் குழப்பத்தோடு மூன்றாவது எண் ஒன்றுதான் கையில் வரும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: சிந்திய நாளையும் அளந்த நேரத்தையும் எழுதி இரண்டு ஆய்வுகூடங்களுக்கும் கொடுங்கள். எந்த நாளை எடுத்தார்கள், அயடின் உள்ளே போனது வாய்வழியா மூச்சுவழியா என்று எடுத்தார்கள் என எழுத்தில் கேளுங்கள். உடலில் மிஞ்சும் பங்கை வாய்வழிக்கும், டோஸ் காரணியை (ஒரு பெக்கரலுக்கு எவ்வளவு டோஸ் என்ற எண்ணை) மூச்சுவழிக்கும் எடுத்திருந்தால் அந்தக் கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.