ஹார்வர்டு தராது, அலபாமா தரும்

தம்பி, எச்-1பி விசாவில் அமெரிக்கா வந்து இரண்டாண்டு ஆகிறது, மகள் பதினோராம் வகுப்பு என்று எழுதியிருந்தீர்கள். உங்களால் கட்ட முடியும் என்று கல்லூரிகளின் இணையதளக் கணக்கீடு காட்டும் தொகை வீட்டு வரவு செலவோடு ஒட்டவே இல்லை, மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப்பைத் தாராளமாகத் தரும் கல்லூரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி.

முதலில் ஹார்வர்டு, யேல் கனவை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹார்வர்டு, யேல் அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும், எம்ஐடியும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து மட்டுமே தருகின்றன. அங்கே வருகிறவர்கள் எல்லாருமே முதல் மாணவர்கள், யாரைப் பணம் கொடுத்து இழுப்பது? அப்படி இழுக்க வேண்டிய தேவை எந்தக் கல்லூரிக்கு இருக்கிறதோ, அங்கே தேடுங்கள். அலபாமா பல்கலைக்கழகம் இந்த மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று அட்டவணையே போட்டிருக்கிறது. டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 1,000 டாலர் போட்டி ஸ்காலர்ஷிப் ஒன்று கிடைத்தாலே, உள்மாநில மாணவருக்கான குறைந்த கட்டணத்தைக் கேட்க விதி இடம் தருகிறது. ஸ்காலர்ஷிப்பைவிட அந்தச் சலுகை பல மடங்கு பெரிது.

பெயர் தெரியாத கல்லூரிகளை எடைபோட ஒரு வழி உண்டு. கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. சி9 பகுதியில், சேர்ந்தவர்கள் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் இருக்கும். உங்கள் மகள் மேல் கால்பகுதிக்குள் வருகிறாளா என்று பாருங்கள். எச்2ஏ பகுதியில், பணத்தேவை இல்லை என்று கணிக்கப்பட்டும் உதவித்தொகை வாங்கியவர்கள் எத்தனை பேர், சராசரி எவ்வளவு என்று இருக்கும். ஆயிரம் பேரில் நானூறு பேருக்குத் தருகிறார்கள் என்றால் நம்பிக்கையோடு விண்ணப்பிக்கலாம். பத்துப் பேர் என்றால் அது லாட்டரி.

ஆனால் எச்2ஏ குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களின் கணக்கு. எச்-1பிகாரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு எச்6 பகுதிதான் பொருந்தும். (இந்த நாட்டில் 'எச்' என்ற எழுத்து நம்மை விடுவதே இல்லை.) ஃபாஃப்சா என்ற விண்ணப்பப் படிவம் வழியாக வரும் மத்திய அரசு உதவி அவளுக்குக் கிடையாது, கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தருவதற்கு அது தடையில்லை. எச்-4 மாணவருக்கு உண்டா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

தேதி விஷயத்தில் நான் சூடுபட்டவன். மூத்தவனுக்கு விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி என்று நிதானமாக இருந்தோம். ஸ்காலர்ஷிப்புக்கு நவம்பர் 1 என்பது டிசம்பரில்தான் கண்ணில் பட்டது. இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் 'ஏர்லி டிசிஷன்' பக்கமும் போகாதீர்கள். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், நாலு கல்லூரியின் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்காது.

இளையவள் முறை வந்தபோது ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டோம். ஸ்காலர்ஷிப் நான்காண்டும் தொடர ஜிபிஏ, அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரி, எவ்வளவு வேண்டும், முதலாண்டு முடிவில் அதை இழப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு கல்லூரி மறுநாளே எண்ணோடு பதில் எழுதியது. இன்னொன்று இரண்டு பக்கம் வாழ்த்து எழுதியதே தவிர எண்ணைச் சொல்லவில்லை. அதை அன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.