வில்லன் யார் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: உவர்மலையில் அக்கா குடும்பத்தோடு இருக்கிறேன். பெறாமகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். பிபிசியின் 'ஷெர்லக்' துப்பறியும் தொடரை மூன்றாம் சீசன் வரை பார்த்துவிட்டு, அடுத்த வில்லன் யார் என்று ரியூசன் கொப்பியெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். அத்தானுக்குக் கோபம். நான் நான்காம் சீசனை 2017இலேயே பார்த்தவள். விடையைச் சொல்லிவிட்டால் படிப்பில் இறங்குவானா?
– ஒரு சித்தி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். விடை தெரிந்தால் அந்தக் கொப்பியை மூடிவிடுவான், உண்மைதான். ஆனால் அந்த நேரம் கணக்குக்குப் போகாது, போனுக்குத்தான் போகும்.

நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். 'மொரியார்ட்டி' என்று பழைய வில்லனின் பெயரை எழுதி வெட்டியிருக்கிறான். கீழே 'இன்னொரு சகோதரன்?' என்று இருக்கிறது. காரணமும் எழுதியிருக்கிறான்: மூன்றாம் சீசன் கடைசிக் கதையில், மற்ற ஆளுக்கு என்ன நடந்தது என்று தெரியும்தானே என்று ஷெர்லக்கின் அண்ணன் மைக்ரொஃப்ட் போகிறபோக்கில் சொல்லும் வசனம். 2014இல் அது ஒளிபரப்பானதிலிருந்து மூன்று வருடமாக ரசிகர்கள் குடைந்துகொண்டிருந்ததும் இதே வசனத்தைத்தான். ஊகம் சரியா பிழையா என்று இங்கே எழுதமாட்டேன், இந்தப் பக்கம் அவன் கையிலும் படலாம்.

அவனுக்கு ஒரு வழி மட்டும் காட்டிவிடுங்கள். இந்தத் தொடரின் வில்லன்கள் பெரும்பாலும் ஆர்தர் கோனன் டொயில் எழுதிய பழைய ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளிலிருந்து வந்தவர்கள். மூன்றாம் சீசனின் மக்னசன், 1904இல் வெளிவந்த கதையின் மில்வர்ட்டன்தான். கதையில் அவனைச் சுடுவது அவனால் வாழ்க்கை கெட்ட ஒரு பெண். ஹோம்ஸ் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். தொடரில் சுடுவது யார் என்று பெறாமகனுக்குத் தெரியும். பெயரைப் பழைய கதையில் எடுத்து, துப்பாக்கியை வேறு கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே யார் வருவார் என்பதோடு, எதை மாற்றுவார்கள் என்றும் அவன் கேட்கவேண்டும். நான்காம் சீசனுக்கு முன், 2016இல், தயாரிப்பாளர்கள் தாட்சர், ஸ்மித், ஷெரின்ஃபோர்ட் என்று மூன்று சொற்களைத் துப்பாகக் கொடுத்தார்கள். அவற்றை அவனிடம் கொடுங்கள். ஸ்மித்துக்கு 1913ஆம் ஆண்டுக் கதை ஒன்றைத் தேடி வாசிக்கட்டும்.

அத்தானின் கவலையும் நியாயம்தான். ரியூசன் கொப்பி ரியூசனுக்கே இருக்கட்டும், இதற்குத் தனிக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணித்தியாலம் போதும். நான்காம் சீசனில் மூன்றே கதைகள். பரீட்சை முடிந்த கிழமை அத்தானையும் பக்கத்தில் இருத்தி எல்லோருமாகப் பாருங்கள். அவன் ஊகம் பிழைத்தால் சிரிக்காதீர்கள்.

அப்புறம், அவனுக்கு இது தெரியுமா? 1891இல் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதையிலேயே நம்முடைய ஊர் இருக்கிறது. திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான அவலத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று அவருடைய நண்பர் வாட்சன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சகோதரர்களின் கதையை டொயில் எழுதவே இல்லை. வில்லன் யாரென்று எவருக்கும் தெரியாது, உங்களுக்கும் எனக்கும்கூட. அந்த முதல் சிறுகதை நடப்பது 1888இல். அப்போது துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை இருந்தது. மான்கள் திரியும் பிரெட்ரிக் கோட்டையும் இராவணன் வெட்டும் அவனுக்குப் பழக்கமான இடங்கள். சகோதரர்களுக்கு என்ன நடந்தது, யார் செய்தது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், காத்திருப்பேன்.